வெளி நங்கூரத்தில் ஒரு காய்ச்சல்

...கொப்புளம்தான், கொசுக்கடி இல்லை, கொசுக்கடியாக இருந்தால் நடுவில் இப்படி நீர் கோத்துக்கொண்டு பளபளக்காது, அதுவும் நடுக்கடலில் கொசு ஏது, அது அவனுக்கே தெரியும், தெரிந்துதான் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான்... ஷேர் ஆட்டோவின் ஓரத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருந்த பானு ஃபோனை மறுபடியும் எடுத்தாள், படத்தைப் பெரிதாக்கினாள், பக்கத்தில் இருந்த அம்மாள் எட்டிப் பார்ப்பதைக் கண்டு சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டாள். மல்காஜ்கிரியில் ஏறும்போதே இதை அழித்துவிடலாமா என்று நினைத்தாள், அழித்தால் மட்டும் கையில் இருப்பது போய்விடுமா? புருஷன் நந்தகுமாரின் முன்கை அது, ரோமங்களுக்கு நடுவே சின்னச் சின்னதாக நாலைந்து கொப்புளம், கீழே அவன் குரல், கப்பல் எஞ்சின் சத்தத்துக்கு அடியில் கிசுகிசுப்பாக, 'பானு, ரெண்டு நாளா லேசா ஜுரம், டோலோ போட்டுக்கிட்டிருக்கேன், இங்க யாருக்கும் தெரியாது, முழுக்கை சட்டைதான் போடறேன், நீயும் யார்கிட்டயும் வாயைத் திறக்காத, நாளைக்கு வைசாக்ல இறங்கிட்டா போதும், வீட்ல வந்து பாத்துக்கலாம்.' வீட்ல வந்து பாத்துக்கலாமாம்... வீட்டில் யார் இருக்கிறார்கள், அவளும் சாஹித்யாவும்தானே. காலையில் ஷூ மாட்டிக்கொண்டே 'டாடி ரேப்பு ஒஸ்தாரா மம்மி?' என்று குதித்தாளே அந்தப் பெண், 'நாளைக்கு வருவாரு, நீ முதல்ல சாக்ஸ் போடு' என்று இவளும் சொன்னாளே, அப்போது இந்தப் படம் வந்திருக்கவில்லை. பள்ளி வேன் திரும்பின பிறகுதான் வந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்?

யார்கிட்டயும் சொல்லாத என்றால் எனக்கு மட்டும் எதற்குச் சொன்னீர்கள், அதுதான் அவளுக்குப் புரியவில்லை. மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியாமல் பாதியைத் தூக்கி இவள் தலையில் வைத்துவிட்டு அவன் பாட்டுக்கு அடுப்படிக்குப் போய்விட்டான். அடுப்படி... அவன் அந்தக் கப்பலின் சமையல்காரன் இல்லையா, இருபது பேருக்கு மேல் இருக்கிறார்கள், அத்தனை பேர் தட்டிலும் விழுவது அந்தக் கையால் பிசைந்த மாவு. கையுறை போட்டிருப்பானா? அவனா, கையுறை போட்டால் மாவின் பதம் தெரியாது என்று கல்யாணமான புதிதிலேயே சொன்னவன். அப்போதெல்லாம் கப்பலைப் பற்றி எதைக் கேட்டாலும் சலிக்காமல் சொல்வான், கடலே இல்லாத ஊரில் பிறந்த பெண்ணுக்குச் சொல்ல அவனுக்கு அத்தனை ஆசை. கரைக்கு வருவதற்கு முன்னாலேயே கேப்டன் துறைமுகத்து டாக்டருக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும், வழியில் யாருக்காவது ஜுரமா, தடிப்பா, யாராவது செத்தார்களா என்று. ஒன்றுமில்லை என்றால் மஞ்சள் கொடி ஏற்றலாம். 'மஞ்சள் கொடின்னா நோயா?' என்று கேட்டதற்குச் சிரித்தான், 'இல்லடி, நாங்க நல்லா இருக்கோம், உள்ள விடுங்கன்னு கேக்கற கொடி அது.' ஏதாவது இருந்தால் கப்பல் வெளி நங்கூரத்திலேயே நிற்கும், கரை தெரியும், விளக்கு தெரியும், ஆனால் டாக்டர் படகில் வந்து பார்த்து, ரத்தம் எடுத்துக்கொண்டு போய், பரவாயில்லை என்று சொல்லும்வரை ஒரு ஈ காக்கை இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. இந்தத் தடவை கப்பல் வருவது ஆப்பிரிக்கக் கரையிலிருந்து, அங்கே குரங்கம்மை என்று டிவியில் காட்டினார்களே, அங்கிருந்து வருகிற கப்பலில் ஜுரமும் கொப்புளமும் என்றால் கேட்கவே வேண்டாம். சாதாரண அம்மையாகவும் இருக்கலாம்... இருக்கலாம்தான், அதைச் சொல்ல வேண்டியது டாக்டர், இவன் எப்படிச் சொல்லலாம்?

மெட்டுகூடா தாண்டி ஆட்டோ நெரிசலில் நின்றது. இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது, நடந்தால் சீக்கிரம் போய்விடலாம், ஆனால் சீக்கிரம் போய் என்ன செய்ய, அங்கே ஆக்னஸ் காத்திருக்கிறாள். மாரேட்பள்ளியில் ஆக்னஸுக்கு இன்றைக்கு ஸ்கேன், கூட வருகிறேன் என்று போன வாரமே ஒத்துக்கொண்டது, எட்டாவது மாசம், பெற்றவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை, புருஷன் ஜேம்ஸும் அதே கப்பலில், எஞ்சின் அறையில். நந்தகுமார்தான் அவனைக் கம்பெனியில் சேர்த்துவிட்டான், அந்த நன்றிக்கு ஓய்வு நேரத்தில் அடுப்படிக்கு வந்து சப்பாத்தி தேய்த்துக் கொடுப்பானாம், ஒரே பலகையில் இரண்டு பேரும்... வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். நாளைக்கு இறங்கி ராத்திரி ரயில் பிடித்தால் மறுநாள் காலையில் ஜேம்ஸ் இந்தப் பெண்ணின் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பான். ஆட்டோக்காரன் ஹார்னை அழுத்திக்கொண்டே இருந்தான். கொரோனா நேரத்தில் இதே பானுவுக்கு ஜுரம் வந்தபோது அவளே சுகாதார ஆபீஸுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னாள், சொல்லாமல் இருந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது, சொன்னாள், வந்தார்கள், கதவில் தாள் ஒட்டி கேட்டுக்குக் குறுக்கே மூங்கில் கட்டினார்கள், மாடி வீட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படியேறினார். குழந்தையாக இருந்த சாஹித்யா அறைக்கு வெளியே நின்று கதவைத் தட்டித் தட்டி அழுது அப்படியே தூங்கிப் போனாள். குணமான பிறகு வீட்டுக்காரர் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னார். உண்மையைச் சொன்னதற்கு அதுதான் கிடைத்தது. அப்படியானால் நந்தகுமார் செய்வது சரியா? சரி என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது, நாலு கொப்புளம், இரண்டு மாத்திரை, நாளைக்கு வீடு, யாருக்கு என்ன நஷ்டம்...

'வாங்கக்கா, நேரமாச்சு, டோக்கன் போட்டுட்டேன்' என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள் ஆக்னஸ். அவள் உள்ளங்கை சூடாக இருந்தது, கர்ப்பிணிக்கு உடம்பு கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், இருந்தாலும் பானு திடுக்கிட்டுக் கையை உருவிக்கொண்டாள், உருவிக்கொண்டதை மறைக்கப் பையைத் தோளில் சரி செய்தாள். உட்கார இடம் கிடைத்ததும் ஆக்னஸ் ஆரம்பித்துவிட்டாள், ஜேம்ஸ் ராத்திரி பேசினானாம், பெட்டியெல்லாம் கட்டி வைத்துவிட்டானாம், குழந்தைக்கு ஏதோ மர பொம்மை வாங்கியிருக்கிறானாம், 'அண்ணன்தான் அவருக்கு முடி வெட்டி விட்டாராம்க்கா, மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்னு போட்டோ அனுப்பினார், பாருங்க.' காட்டினாள். ஜேம்ஸ் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான், அவன் தலைக்குப் பின்னால் சீப்பைப் பிடித்தபடி ஒரு கை, முழுக்கை சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான் போட்டது. பானு அந்தப் பொத்தானையே பார்த்தாள். பிறகு தான் கேட்கப்போகிறோம் என்று தெரியாமலே கேட்டாள், 'ஆக்னஸ், சின்ன வயசுல உனக்கு அம்மை போட்டிருக்கா?'

'இல்லக்கா. எங்க வீட்ல எல்லாருக்கும் வந்தது, எனக்கு மட்டும் வரலன்னு மம்மி சொல்லும்.' நிமிர்ந்து பார்த்தாள். 'கைக்கு, ஏன் கேக்கறீங்க?'

'சும்மாதான்... வெயில் காலம், அங்கங்க இருக்குன்னாங்க.'

'நக்கோ அக்கா, பயமுறுத்தாதீங்க' என்று சிரித்து வயிற்றைத் தடவிக்கொண்டாள் ஆக்னஸ். உள்ளே கூப்பிட்டார்கள், ஒரு கையை இடுப்பில் கொடுத்து மெல்ல எழுந்து போனாள், கதவு சாத்திக்கொண்டது. பானுவால் அதன் பிறகு உட்கார முடியவில்லை. வராந்தாவின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தாள், தண்ணீர் பிடித்தாள், குடிக்காமல் கீழே ஊற்றினாள், சுவரில் இருந்த குண்டுக் குழந்தையின் படத்தை முறைத்தாள். கூப்பிட்டால் கிடைக்குமா, கரை பக்கம் வந்திருப்பான், டவர் இருக்கும், கிடைக்காமல் போனால் நல்லது, கிடைக்காவிட்டால் நான் என்ன செய்ய முடியும், முயற்சி பண்ணினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம்... அவன் நம்பரை அழுத்தினாள், மணி அடித்தது. உடனே எடுத்தான்.

'என்ன பானு, வேலை நேரத்துல...'

'கேப்டன்கிட்ட சொல்லிடுங்க.'

'உனக்கு இங்க இருக்கறது தெரியாது. எல்லாவனும் பெட்டி கட்டி வச்சிருக்கான். ஒருத்தன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போறான். நான் வாயைத் திறந்தா எல்லாரும் நடுக்கடல்ல நிக்கணும், என்னை என்ன சொல்லுவானுங்க? அடுத்த காண்ட்ராக்ட் எவன் கொடுப்பான்?'

'ஆக்னஸ் எட்டு மாசங்க. அவளுக்கு அம்மையே போட்டதில்லையாம்.'

'ஜேம்ஸ் நல்லாத்தான் இருக்கான்.'

'இன்னிக்கு நல்லா இருக்கான். அவன் தலையைப் பிடிச்சு முடி வெட்டினது யாரு? யார் யாரைத் தொட்டீங்க, யோசிச்சுப் பாருங்க. கையுறையாவது போட்டீங்களா?' குரல் ஏறியது, ஒரு நர்ஸ் திரும்பிப் பார்த்தாள், பானு படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினாள். 'நீங்க சொல்றீங்களா, இல்ல நானே கம்பெனிக்கு ஃபோன் பண்ணட்டுமா?'

'நீ எனக்குப் பொண்டாட்டியா, போர்ட் டாக்டரா?' என்றான் நந்தகுமார். கத்தவில்லை, களைத்துப்போன ஆள் கேட்பதுபோல் கேட்டான். வைத்துவிட்டான்.

சொல்வானா? சொல்ல மாட்டான், எனக்குத் தெரியாதா, ஒருத்தர் முகம் சுருங்கினால் தாங்க மாட்டான், சாம்பாரில் உப்பு கூடிப்போனதற்கு மூன்று நாள் மன்னிப்பு கேட்கிற ஆள். அப்படியானால் நான் கூப்பிட வேண்டும். கம்பெனி நம்பர் ஃபோனில் இருக்கிறது, அவசரத்துக்கு என்று அவன்தான் பதிந்து கொடுத்தான்... கட்டை விரலை அதன் மேல் வைத்தாள், எடுத்தாள். என் வாயால் என் புருஷனைக் காட்டிக் கொடுப்பதா, காட்டிக் கொடுப்பது என்றால் என்ன, அவன் என்ன திருடினானா, ஜுரம்தானே வந்திருக்கிறது, ஜுரத்தை ஒளித்து வைத்திருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அவ்வளவுதானா? நாளைக்கு இதே வராந்தாவில் ஆக்னஸ் உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வந்து நின்றால் நான் எந்த மூலையில் போய் ஒளிந்துகொள்வேன்? இதற்குள் ஆக்னஸ் வெளியே வந்துவிட்டாள், முகம் மலர்ந்து, 'அக்கா, குழந்தைக்குத் தலை கீழ திரும்பிடுச்சாம், எல்லாம் நல்லா இருக்காம், ரிப்போர்ட்டுக்கு மட்டும் கொஞ்சம் உக்காரச் சொன்னாங்க.' வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தள்ளுவண்டிக்காரன் கொய்யாவை நறுக்கி மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தான், ஆக்னஸ் ரசித்துத் தின்றாள், பானு கையில் வாங்கியதை அப்படியே வைத்திருந்தாள். இவள் தின்று முடிக்கட்டும், ரிப்போர்ட் வரட்டும், ஆட்டோ ஏற்றிவிட்டுக் கூப்பிடுகிறேன், கட்டாயம் கூப்பிடுகிறேன்... ஒவ்வொரு சாக்காகத் தள்ளிக்கொண்டே போவது அவளுக்கே தெரிந்தது.

ஆக்னஸின் ஃபோன் அடித்தது. 'ஜேம்ஸ்தான்!' என்று எடுத்தவள், 'தலை திரும்பிடுச்சாம்' என்று ஆரம்பித்து நடுவில் நிறுத்திக்கொண்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். 'ஏன்... எத்தனை நாள்... அப்ப குழந்தை பொறக்கறப்ப...' கொய்யாத் துண்டு மடியில் விழுந்தது. பானு தெருவைப் பார்த்தாள், ஒரு சிட்டி பஸ் போனது, அதன் பின்னால் இன்னொன்று. சொல்லிவிட்டான். நான் கூப்பிடுவதற்கு முன்னால் அவனே போய்ச் சொல்லிவிட்டான். நெஞ்சில் ஏதோ இறங்கியது போலவும் இருந்தது, அடுத்த நொடியே வேறொன்று வந்து ஏறிக்கொண்டது, இப்போது இவள் திரும்புவாள், என்னைப் பார்ப்பாள், உன் புருஷனால்தானே என்பாள், சொல்லட்டும், வாங்கிக்கொள்கிறேன், காலையிலிருந்தே உனக்குத் தெரியுமா என்று கேட்டால்தான் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஆக்னஸ் ஃபோனை இறக்கினாள். துப்பட்டாவால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பானு அவள் முதுகில் கை வைக்கப் போய், வைக்கலாமா என்று யோசித்து, வைத்தாள். 'வெளியவே நிறுத்திட்டாங்களாம் அக்கா. டாக்டர் படகுல வராராம். ரிசல்ட் வர்ற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாதாம். எத்தனை மாசமா நாள் எண்ணிட்டிருந்தேன்...' மூக்கை உறிஞ்சினாள். 'அண்ணனுக்காமே அக்கா. அண்ணனே கேப்டன் ரூமுக்குப் போய் கையைக் காட்டினாராம். ஒருத்தன் சட்டையைப் பிடிச்சு அடிக்கவே போயிட்டானாம், ஜேம்ஸ்தான் தடுத்திருக்கார்.'

'ம்' என்றாள் பானு.

'தனி கேபின்ல போட்டுட்டாங்களாம், சாப்பாட்டை வாசல்ல வச்சுட்டு ஓடறாங்களாம்.' ஆக்னஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் முழுசாகத் திரும்பினாள், அந்த முகத்தில் பானு எதிர்பார்த்தது எதுவுமே இல்லை. 'ரொம்ப ஜுரமா அக்கா அவருக்கு? உடம்பு வலி எல்லாம் இருக்கா? உங்ககிட்ட என்ன சொன்னார்?'

பானு வாயைத் திறந்தாள். யார் யாரைத் தொட்டீங்க என்று கேட்டாள், கையுறை போட்டீங்களா என்று கேட்டாள், சொல்றீங்களா இல்லையா என்று கேட்டாள்... காலையிலிருந்து அவன் கையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள், கொப்புளம் தெரிந்தது, கப்பல் தெரிந்தது, ஆக்னஸ் தெரிந்தாள், சாஹித்யா தெரிந்தாள். அந்தக் குரலைத் திரும்பக் கேட்டுப் பார்த்தாள் மனசுக்குள், எஞ்சின் சத்தத்துக்கு அடியில் இருந்த அதன் கமறல் இப்போதுதான் காதில் விழுந்தது, நடுக்கமும் இருந்ததோ, குளிர் ஜுரமோ, எதற்காக எனக்கு மட்டும் அனுப்பினான்... ஆக்னஸ் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு பதிலுக்காக.

'கேக்கலை' என்றாள் பானு. 'நான் கேக்கவே இல்லை ஆக்னஸ்.' ஃபோனை எடுத்து அவனை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.