அப்பாவின் ஃபில்டர்

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மல்லாந்து படுத்தபடி விமானத்தின் மீட்டர் பலகைக்கு அடியில் தலையை நுழைத்திருந்தாள் சின்னவள். அடக்கத்துக்கென்று தேய்த்து வைத்திருந்த நல்ல உடை, மேலே மாட்டியிருந்த ஒர்க்‌ஷாப் அங்கிக்குள் கசங்கிக்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டரை. நாலு மணிக்கு அப்பாவை மண்ணில் இறக்கும்போது, அப்பாவின் இந்த நாலு சீட்டு விமானம் கல்லறைத் தோட்டத்துக்கு மேலே ஒரு தடவை பறந்து போக வேண்டும்.

முந்தாநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த அப்பா எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா அழவில்லை. பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. நாற்பத்தாறு வருடத்தில் அப்பாவைத் திட்டாமல் ஒரு பொழுதும் விட்டிராத அம்மா, இந்த இரண்டு நாளில் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவைதான். “நாலு மணிக்கு அவர் விமானம் வரும்ல?”

“வரும்மா” என்று சொல்லிவிட்டாள் சின்னவள். சொன்ன வாயை இப்போது டார்ச் அடைத்துக்கொண்டிருந்தது.

ஓட்ட வேண்டியவர் சித்தப்பா. காலையில் இன்ஜினைப் போட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினார்.

“அடிவானம் காட்டுற மீட்டர் குடிகாரன் மாதிரி சாயுது. திசை காட்டுறது அது இஷ்டத்துக்கு ஊர் சுத்துது. மேகம் வேற தலைக்கு மேல நிக்குது. இதுங்கள நம்பி நான் ஏற மாட்டேன் சின்னவளே. ஒரே நாள்ல ரெண்டு அடக்கம் வேண்டாம்.”

பழைய விமானம். அந்த இரண்டு மீட்டர்களுக்குள்ளும் ஆளுக்கொரு குட்டிச் சக்கரம் உண்டு. இன்ஜினோடு ஓடும் பம்ப் காற்றை உறிஞ்ச, அந்த இழுப்பில் சக்கரம் சுழலும். இழுப்பு ஐந்தில் நிற்க வேண்டும். முள் நாலைக்கூட எட்டவில்லை.

சின்னவள் முதலில் பம்பைச் சந்தேகப்பட்டாள். பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவி, வளைத்து, கிள்ளிப் பார்த்தாள். கடைசியில்தான் ஃபில்டருக்கு வந்தாள். விமானத்துக்குள் இருக்கிற காற்று இந்த ஃபில்டர் வழியாகத்தான் மீட்டர்களுக்குள் போகும். கழற்றிக் கையில் எடுத்தவள் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டாள். டம்ளர் அளவு ஃபில்டர், வெள்ளையாக இருக்க வேண்டியது, கெட்டியான டிக்காஷன் நிறத்தில் பிசுபிசுத்தது. முகர்ந்தாள். சிகரெட்.

அப்பா சிகரெட்டை விட்டுப் பதினொரு வருடம் ஆகிறது.

புது ஃபில்டரைப் போட்டு இன்ஜினைக் கிளப்பினாள். முள் ஐந்தைத் தாண்டி, ஆறையும் தாண்டி எகிறியது. பதறிப்போய் நிறுத்தினாள். இழுப்பை ஒரு கட்டுக்குள் வைக்கிற ரெகுலேட்டரைப் போய்ப் பார்த்தாள். யாராவது திருகினால் தெரியட்டும் என்று அதன் திருகாணியில் அப்பா வைத்த சிவப்பு நகப்பாலிஷ் முத்திரை உடைந்து, ஒன்றரைச் சுற்று தள்ளி நின்றது. ஃபில்டர் அடைக்க அடைக்க, அதை மாற்றாமல் ரெகுலேட்டரைத் திருகித் திருகி முள்ளை ஐந்தில் நிற்க வைத்திருக்கிறார். அதற்கு மேல் திருகியும் பிரயோஜனமில்லாமல் போனதுதான் இன்றைய கதை.

நிமிர்ந்தால் விமானக் கொட்டகையின் எதிர்ச் சுவரில் அப்பாவின் கையெழுத்து: ‘ரெகுலேட்டரைத் திருகுகிறவன் மெக்கானிக் இல்லை. ஃபில்டரை மாற்று.’ இந்தக் குற்றத்துக்காக அவர் எத்தனை பேரை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறார்! பழைய ஃபில்டரைக் கழற்றினால் குப்பைத் தொட்டியில் போட வேண்டும், போட்டால் மகள் கண்ணில் படும் என்று பயந்திருக்கிறார் மனிதர். சின்னவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது.

திருகாணியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, முள் ஐந்தில் நிற்பதைச் சரிபார்த்து அவள் இறங்கவும், சித்தப்பா அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வரவும் சரியாக இருந்தது.

“வீட்டுல உக்கார மாட்டேங்குறாங்க” என்றார் சித்தப்பா. இறக்கையின் மேல் கிடந்த ஃபில்டரைப் பார்த்ததும், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே கூரையை ஆராயத் தொடங்கினார்.

அம்மாவும் அதைப் பார்த்தாள். “என்னது?”

“தூசிம்மா. வெறும் தூசி.”

அம்மா எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

“பதினோரு வருஷம்!” கொட்டகை அதிர்ந்தது. “என் தலையில கைய வெச்சு சத்தியம் பண்ணின மனுஷன்! ‘வண்டிய ஓட்டி ஒரு பார்வை பாத்துட்டு வரேன்’னு தினம் சாயங்காலம் கிளம்புவாரே. பார்வையா பாத்தாரு? வாய் நிறைய பெப்பர்மின்ட்! கேட்டா தொண்டைக் கரகரப்பாம்! தம்பி, உங்களுக்கும் இது தெரியும்தானே?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி.”

“கூட உக்காந்து ஊதினீங்களா?”

“சேச்சே! நான் ஜன்னல மட்டும்தான் திறந்துவிட்டேன்.”

சின்னவள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அம்மா ஃபில்டரைக் குப்பைத் தொட்டியில் வீசி எறிந்தாள். அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து திட்ட ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்து, “என்னை இப்படி ஏமாத்திட்டுப் போயிட்டீங்களே” என்று ஓவென்று அழுதாள். சின்னவள் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பயம் அப்போதுதான் இறங்கியது.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மா கேட்டாள். “டீ இருக்கா? ரெண்டு பிஸ்கட்டும் குடு. தலை சுத்துது.”

சித்தப்பாவை விமானத்தோடு விட்டுவிட்டுக் கிளம்பும்போது, கார் வரை வந்த அம்மா நின்றாள். “கைக்குட்டைய உள்ள விட்டுட்டேன்” என்று தனியாகத் திரும்பிப் போய் வந்தாள்.

நாலு மணிக்கு மேகத்தின் அடிவயிற்றை உரசிக்கொண்டு விமானம் வந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“நேரா போகுதா?”

“நேரா போகுதும்மா.”

“நேரா போவாரு, நேரா! இவ்வளவு நாள் போன லட்சணம் தெரியாதா” என்று முணுமுணுத்த அம்மா, சத்தம் தேய்ந்து மறையும் வரை கண்ணை எடுக்கவில்லை.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மூக்கு உறிஞ்சினாள். சின்னவள் கைக்குட்டைக்காக அம்மாவின் கைப்பையை எடுத்தாள். ஜிப் பாதிக்கு மேல் ஏறாமல் நின்றிருந்தது. உள்ளே டம்ளர் அளவுக்கு ஏதோ ஒன்று கைக்குட்டையில் சுற்றியிருந்தது. சின்னவள் பையை அப்படியே அம்மாவின் மடியில் வைத்துவிட்டுத் தன் கைக்குட்டையை நீட்டினாள்.