டெஸ்ட் மூன்று என்ற கோடு

ஒரு கட்டிடத்தை வரைய எத்தனை விதமான கோடு வேண்டும்? குறுக்கே வெட்டிக் காட்டும் சுவருக்குத் தடித்த கோடு, தலைக்கு மேலே போகும் உத்தரத்துக்கு விட்டு விட்டு வரும் கோடு, பூச்சுக்கு மெல்லிய கோடு. பன்னிரண்டு இருந்தால் தாராளம். அந்த அலுவலகத்தின் கணினிகளில் இருநூற்றுப் பதினாலு இருந்தன. வந்தவன் போனவன் எல்லாம் ஆளுக்கொரு வகையை உண்டாக்கி, வாய்க்கு வந்த பேரை வைத்திருந்தான். ‘புதுசு’, ‘புதுசு சரி’, ‘கடைசி’, ‘கடைசி இல்ல’. ஒரே உத்தரத்தை நாலு பேர் நாலு கோட்டில் போட்டால் கட்டுகிறவன் எதை நம்புவான்?

இந்தக் குப்பையை அள்ளும் வேலை தங்கையின் தலையில் விழுந்தது. அண்ணன் கட்டிடங்களில் ஏறி அளந்து வருவான், தங்கை அதே அலுவலகத்தில் வரைவாள். அவளை அங்கே சேர்த்துவிட்டதே அவன்தான். அவள் புருஷனுக்கு ஒரு வருஷமாக வேலை இல்லை. வீடு அவள் கையில்தான் ஓடியது. கோடுகளை ஒழுங்கு பண்ணி முடிக்கும்வரை ஒரு வரைபடமும் வெளியே போகக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார்.

அவள் ஏனோதானோ என்று அழிக்கவில்லை. ஒவ்வொரு வகையும் எங்கே இருக்கிறது என்று தேடி, வரைந்தவரைக் கேட்டுத்தான் எடுத்தாள். கடைசியில் ‘டெஸ்ட் மூன்று’ வந்தது. ஆஸ்பத்திரி மொட்டைமாடி வரைபடத்தில் மட்டும் இருந்தது. அந்த மாடியை அளந்தவன் அண்ணன். அன்று அவன் வேறு எங்கோ வெயிலில் நின்றுகொண்டிருந்தான். ஒரு போன் போட்டிருக்கலாம், பாவி. யாரோ பழகிப் பார்த்த கோடாக இருக்கும், இன்றைக்கே முடித்துவிடலாம் என்று நினைத்துவிட்டாள். நீக்கினால் இதில் வரைந்ததெல்லாம் மெல்லிய கோடாகிவிடும், சரியா என்று கணினி கேட்டது. சரி என்று அழுத்தினாள்.

பத்து நாள் கழித்து அண்ணன் அந்த வரைபடத்தைத் திறந்தான்.

“டெஸ்ட் மூணு எங்கம்மா?”

“எடுத்துட்டேனே. சும்மா பழகினதுன்னு நினைச்சேன்.”

“மாடியில விரிசல் ரெண்டு வகை. மெல்லிசு மேல்பூச்சுல ஓடறது, ஒண்ணும் பண்ணாது. டெஸ்ட் மூணு தளத்தையே பிளந்து இறங்கினது. இப்ப எது எதுன்னு எப்படிச் சொல்றது?”

திங்கட்கிழமை அந்த மாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி ஏற்றுகிறார்கள். எந்த இடம் தாங்கும் என்று சொல்ல வேண்டியது இந்த வரைபடம்தான்.

“ஒழுங்கா பேர் வெச்சிருக்கக் கூடாதா அண்ணா?”

“நீ புதுப் பேர் குடுப்பேல்ல, அப்ப மாத்திக்கலாம்னு விட்டுட்டேன்.”

பழைய கோப்பின் நகல்கள் ஏழு நாள்தான் இருக்கும். அளவுகளை மாடியிலேயே உட்கார்ந்து நேராகக் கணினியில் ஏற்றிய அண்ணனிடம் குறித்துவைத்த காகிதமும் இல்லை. மழைக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் வரைபடத்துக்குக் காத்திராமல் விரிசலெல்லாம் மறைய மாடி முழுக்க ஓடு பதித்துவிட்டார்கள். வரைபடத்தைத் தாளில் எடுத்து அண்ணன் நினைவிலிருந்து ஏழு கோடுகளை அடையாளம் வைத்தான், நாலை அழித்தான், பென்சிலைக் கீழே போட்டான்.

“குத்துமதிப்பா சொல்ற விஷயமா இது? கீழ குழந்தைங்க வார்டு. ஓட்டைப் பேத்துத்தான் பாக்கணும்.”

“நான் வந்து சொல்றேன்ணா. நான் பண்ணதை நானே சொல்றேன்.”

இருவரும் சேர்ந்துதான் மேனேஜர் அறைக்குள் போனார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

“சார், ஆஸ்பத்திரி மாடி அளவை நான் தொலைச்சிட்டேன். ஓட்டை உடைச்சு மறுபடி பாக்காம தொட்டியை ஏத்தக் கூடாது.”

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பதித்த ஓட்டை உடைக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டார். தொட்டியை நிறுத்தச் சொல்லி போன் போட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்கம்மா. கோடு மாத்தினீங்களே, அதுல ஏதாவது போயிருக்குமா?”

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் உட்கார்ந்திருக்கும் புருஷன் முகம் வந்தது, பிள்ளைகள் முகம் வந்தது. அண்ணனுக்கும் ரெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா?

“இல்ல சார்,” என்றாள்.

“அப்ப நீங்க நாளையிலேர்ந்து வர வேண்டாம்,” என்றார் மேனேஜர் அவனிடம்.

அவன் மேசையைக் காலி பண்ண அரை மணிகூட ஆகவில்லை. அளவுநாடா, தொப்பி, சாப்பாட்டு டப்பா, அவ்வளவுதான். அவள் பக்கத்திலேயே நின்றாள். இப்போதாவது ஓடிப் போய் அந்தக் கதவைத் தட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது, கால் நகரவில்லை.

“அண்ணிகிட்ட நானே சொல்லிக்கறேன்,” என்றான் அவன். “நீ போய் வேலையப் பாரு.”

அவள் போய் உட்கார்ந்தாள்.