மாப்பிள்ளைப் பெட்டி

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: சுழல் நாற்காலியில் தலைவர். அந்த நாற்காலி சுழன்று பல காலமாகிறது. ஆனாலும் அதில் வேறொருவர் உட்கார்ந்துவிட முடியாது. அவருக்கு வலப்பக்கம், ஜன்னல் காற்று படும் இடத்தில், ‘தேதி’ என்று எல்லோரும் கூப்பிடும் காண்டிராக்டர். சாவு விசாரிக்கப் போனாலும் “தேதி சொல்லுங்க” என்று ஆரம்பிக்கிறவர் என்பதால் அந்தப் பெயர். எதிரே பெஞ்சில் மற்ற உறுப்பினர்கள், தோளோடு தோள் இடித்தபடி. கதவோரம், எழுந்து ஓட வசதியான இடத்தில், செயலாளரின் கொழுந்தன். மேசைக் கோடியில், பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, செயலாளர். கொழுந்தனோடு சேர்ந்து ஒரு கம்பெனி நடத்துகிறவள். பெண் அவள் ஒருத்திதான். எழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லி அந்தப் பதவியை அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

பைப் கடையின் மாடியில் அந்த அறை. தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் பொருத்துவோர் சங்கம் என்று வாசலில் பலகை தொங்கியது. அறையின் கூரையில் ஒரு ஸ்பிரிங்க்ளர்கூடக் கிடையாது.

“மாப்பிள்ளை இப்போ யார் வீட்ல இருக்காரு?” என்றார் தலைவர்.

கொழுந்தன் கதவுப் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தான்.

“எனக்கு வியாழக்கிழமை நகராட்சி இன்ஸ்பெக்‌ஷன். தேதி குடுத்துட்டாங்க. மாப்பிள்ளை இல்லாம நான் எப்படிப் போய் நிக்கிறது?” என்றார் தேதி.

மாப்பிள்ளை என்பது ஒரு தகரப் பெட்டி. அதன் கதையைச் சொல்ல வேண்டுமானால் ஊரின் இரண்டு விதிகளைச் சொல்லியாக வேண்டும்.

ஸ்பிரிங்க்ளர் ஹெட் என்பது கூரையில் பைப் முனையில் திருகியிருக்கும் சின்னப் பித்தளைச் சாமான். அதன் நடுவில் சிவப்புத் திரவம் அடைத்த மெல்லிய கண்ணாடிக் குழாய். கீழே தீப்பிடித்தால் சூட்டில் கண்ணாடி உடையும். உடைந்தால் தண்ணீர் கொட்டும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் கண்ணாடிக்குச் சூடு உறைப்பதற்குள் கீழே கட்டில் எரிந்துவிடும். தண்ணீரை அடைத்திருக்கும் மூடி பெயிண்டில் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் வராமலே போனாலும் போகும். எனவே மாநிலத் தீயணைப்புத் துறையின் விதி, பெயிண்ட் பட்ட ஹெட்டைக் கழற்றி எறி என்கிறது.

நகராட்சியின் விதி வேறு. அழகுபடுத்தும் குழு என்று ஒன்று கூடி, பொதுக் கட்டடங்களின் கூரையெல்லாம் இளம்பச்சையாக இருக்க வேண்டும், கூரையில் உள்ள எந்தச் சாமானும் அதே டப்பாவிலிருந்து எடுத்த பெயிண்டையே பூசிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்திருந்தது. பல்லியை எப்படி விட்டுவைத்தார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

இரண்டு அலுவலகங்களும் ஒரே தெருவில் எதிரெதிராக இருந்தன. இந்த ஜன்னலில் இருப்பவர் தும்மினால் அந்த ஜன்னலில் இருப்பவருக்குக் கேட்கும். ஆனாலும் ஒருவருக்கொருவர் ஒரு வரி எழுதிக் கேட்டுக்கொண்டதில்லை. சங்கமும் எழுதவில்லை. வாசலில் வண்டி நிறுத்த இடம் கேட்டு எழுதியிருக்கிறது. டீக்கடையை இடிக்காதே என்று எழுதியிருக்கிறது. இதைப் பற்றி மட்டும் எழுதியதில்லை. எழுதுவதற்குப் பதிலாக, ஒரு மாடிக்கு வேண்டிய ஹெட்களுக்குப் பச்சை பூசி பெட்டியில் போட்டு வைத்தார்கள். நகராட்சி ஆய்வாளர் ஒரு மாடிக்கு மேல் ஏறமாட்டார், மூச்சு வாங்கும்; எனவே அதுவே தாராளம். அவர் வரும் நாளில் முதல் மாடியில் பச்சை ஹெட்டைத் திருகுவார்கள். அவர் அண்ணாந்து பார்த்து, அழகு என்று கையெழுத்துப் போட்டுப் போனதும் கழற்றிவிட்டு நல்லதை மாட்டுவார்கள். பிறகு மாநில ஆய்வாளர் வருவார். பெட்டி அடுத்த காண்டிராக்டர் வீட்டுக்குப் போகும். ஊரில் இருக்கிற எல்லாக் கட்டடத்திலும் சான்றிதழ் வாங்கியது ஒரே மாப்பிள்ளைதான்.

“கடைசியா முதியோர் இல்லத்துக்கு வாங்கிட்டுப் போனது நீதானே?” தலைவர் கதவோரம் பார்த்தார்.

கொழுந்தன் செருப்பைப் பார்த்தான். “ஆமாங்க. ஆனா இந்தத் தடவை மாநிலத்துக்காரர் முதல்ல வந்துட்டாரு. லீவுல போறாராம், முன்கூட்டியே முடிச்சுக்கிறேன்னாரு. அதனால நல்ல ஹெட்டை மாட்டிக் காட்டினேன். அப்புறம் நகராட்சிக்காரர் வந்தாரு. பச்சையை மாட்டினேன்.”

“அப்புறம்?”

“அப்புறம்... மாட்டினது மாட்டினபடி இருக்கு.”

“நல்ல ஹெட்டெல்லாம் எங்கே?” என்று செயலாளர் முதன்முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

“வேற சைட்டுல அவசரம்னாங்க, அண்ணி. அங்கே மாட்டிட்டேன். இங்கே அப்புறம் மாத்திக்கலாம்னு...”

பெஞ்சில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அது நிம்மதிப் பெருமூச்சு என்று செயலாளருக்குப் புரிய சற்று நேரமாயிற்று.

“அட, தொலையலயே! அதுதானே வேணும்,” என்றார் தலைவர். “புதன்கிழமைக்குள்ள கழட்டிக் கொண்டாந்து தேதிகிட்ட குடுத்துடு.”

“கழட்டின இடத்துல என்னத்தை மாட்டுறது?” என்றாள் அவள்.

“அது உங்க கம்பெனி விஷயம்மா. சங்கம் அதுல தலையிடாது.”

“அந்த மாடியில யார் படுத்திருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு? எழுந்து நடக்க முடியாதவங்க. எங்க மாமனாரும் அங்கேதான் இருக்காரு.” அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். “உன்னைப் பெத்தவர். அவர் தலைக்கு மேலேயே மாட்டிட்டு வந்திருக்கே.”

“அவர் கட்டில் எதுன்னு பாக்கலை, அண்ணி.”

“பார்த்திருந்தா? பக்கத்துக் கட்டிலுக்காரருக்கு மேலே மாட்டியிருப்பியா?”

தேதி கையை உயர்த்தினார். “இதெல்லாம் வீட்டு விஷயம். எனக்கு வியாழக்கிழமை.”

அன்றைய கூட்டக் குறிப்பில் ‘மாப்பிள்ளை நலமாக உள்ளார்’ என்று எழுதும்படி தலைவர் நகைச்சுவையாகச் சொன்னார். பெஞ்சு சிரித்தது. செயலாளர் பேனாவை மூடினாள்.

முதியோர் இல்லத்தின் தரைத்தளத்தில் சமையலறையும் அலுவலகமும் இருந்தன. முதல் மாடி முழுக்கக் கட்டில்கள். லிஃப்டில் ஏறிக் கதவு திறந்ததுமே அவள் கூரையைத்தான் பார்த்தாள். வரிசையாகப் பச்சை. துணி போட்டு மூடியிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக மூடியிருக்க முடியாது. ஒன்றின் கண்ணாடியில் பெயிண்ட் வழிந்து சொட்டாகக் காய்ந்திருந்தது.

“மேலேயே பாத்துட்டு வர்றியேம்மா. நான் கீழேதான் இருக்கேன்,” என்றார் மாமனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலே கதி.

“நல்லா இருக்கீங்களா மாமா?”

“எனக்கென்ன, படுக்கை வசதியுள்ள வண்டி. அது சரி, மேலே பச்சைப் பச்சையா இருக்கே, பக்கத்துக் கட்டிலுக்காரர் குடைமிளகாங்கிறாரு. என் சின்ன மகன் மாட்டினதுன்னு பெருமையா சொல்லி வச்சிருக்கேன். தீப்பிடிச்சா அதுலேர்ந்து தண்ணி வருமா?”

“வரும் மாமா.”

“எப்போ?”

அவள் மறுபடி கூரையைப் பார்த்தாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் எத்தனை வருஷம் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கேன் தெரியுமா? பின்னாடி வண்டி வரும் வரும்னு. நிக்கிறவனுக்குக் கால் இருந்தது, நடந்து போயிட்டான்.” போர்வையைச் சரிசெய்துகொண்டார். “எங்களுக்கு அந்த வசதியில்லை, பாரு.”

அங்கிருந்து நேரே நகராட்சிக்குப் போய், பச்சை ஹெட்களைக் கழற்ற அனுமதி கேட்டாள். ஆய்வாளரின் மேசைக் கண்ணாடிக்கடியில் இளம்பச்சையின் மாதிரி அட்டை ஒன்று இருந்தது, சாமி படம் வைப்பது போல.

“சான்றிதழ் குடுத்த பிறகு கூரையில கை வைக்கிறது குற்றம்மா,” என்றார். “லைசன்ஸ் போயிடும். இனிமே மாசாமாசம் வந்து பார்ப்பேன். பச்சை போயிருந்தா மறுபடி பூசச் சொல்லுவேன்.”

“பூசினா தண்ணி வராது சார்.”

“தண்ணி வர்றது, வராதது எல்லாம் எதிர் ஆபீஸ். எங்க கமிட்டி பார்க்கிறது அழகு மட்டும்தான்.”

“தீப்பிடிச்சா அழகா இருக்குமா சார்?”

“இப்படியெல்லாம் எழுத்துல குடுத்துடாதீங்க. குடுத்தா நான் படிக்கணும். படிச்சா பதில் எழுதணும்.”

தெருவைக் கடந்தாள். மாநில அலுவலகத்தில் விடுப்பு முடிந்து வந்திருந்த ஆய்வாளர் வெயிலில் முகம் கறுத்துப் பளபளப்பாக இருந்தார். சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“நான் வந்த அன்னிக்குப் பச்சை இருந்ததா?”

“இல்லை சார். அப்புறம் மாட்டினாங்க.”

“அப்போ எங்களைப் பொறுத்தவரைக்கும் இல்லை.”

“இப்போ இருக்கு சார். வந்து பாருங்க.”

“மறு ஆய்வுன்னா புகார் வேணும். புகார்னா யார் மேலே? உங்க கம்பெனி மேலதான். உங்க மேலே நீங்களே புகார் குடுப்பீங்களா?” அவர் சிரித்தார். நல்ல மனிதர், டீ சாப்பிடுகிறீர்களா என்றுகூடக் கேட்டார்.

அவர் ஜன்னல் வழியே நகராட்சி ஆய்வாளரின் வழுக்கைத் தலை தெரிந்தது. கல்லெடுத்து எறிந்தால் படும் தூரம்.

மறுநாள் காலை கொழுந்தனை ஏணியோடு கூட்டிக்கொண்டு போனாள். பைப் கடையில் கெஞ்சி வாங்கிய புது ஹெட்கள் கூடையில் இருந்தன. அவன் வால்வை மூடினான், பைப்பில் இருந்த தண்ணீரை வடித்தான், ஏணியில் ஏறினான். அப்பாவின் கட்டிலுக்கு நேர் மேலே இருப்பதை முதலில் கழற்றச் சொன்னாள்.

“டேய்,” என்றார் கட்டிலிலிருந்து மாமனார்.

“என்னப்பா?”

“கீழே பாக்காதே. மேலே பாத்து வேலை செய். போன தடவை நீ எங்கே பாத்தேன்னு தெரியலை.”

பக்கத்துக் கட்டிலுக்காரர் கெக்கலித்தார். கொழுந்தனின் காது சிவந்தது. ஒவ்வொன்றாகப் பச்சையைக் கழற்றி, மரையில் டேப் சுற்றிப் புது ஹெட்டைத் திருகி, கடைசியில் இறங்கி வால்வைத் திறந்து, தண்ணீர் அழுத்தம் காட்டும் கேஜில் முள் ஏறி நிற்கும்வரை பார்த்தான். அவள் கேட்காமலே மறுபடி ஏணியில் ஏறி எல்லா மரைக்கும் கீழே விரலை வைத்துக் கசிவு பார்த்தான்.

“அண்ணி, லைசன்ஸ் போயிடுமா?”

“போகலாம்.”

“அப்போ என்ன செய்றது?”

“அதுக்கு முன்னாடி எழுதணும்.”

வாசலில் தேதி நின்றுகொண்டிருந்தார், வண்டியை அணைக்காமல். “பெட்டியைக் குடும்மா. நாளைக்கு எனக்கு இன்ஸ்பெக்‌ஷன்.”

“பெட்டியைத் தாராளமா எடுத்துக்குங்க.”

அவர் திறந்து பார்த்தார். காலி.

“மாப்பிள்ளை?”

“தபால்ல போகப் போறாரு.”

“சங்கத்துச் சொத்தும்மா அது!”

“கூட்டத்துல எழுப்புங்க. குறிப்புல ஏத்துறதுக்கு வேற செயலாளரைப் பாத்துக்குங்க.”

அன்று மாலை தங்கள் கம்பெனிக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் எழுதினாள். திட்டி எழுதினால் கைக்குச் சுகமாக இருக்கும். ஆனால் திட்டிய கடிதத்தைத் தூக்கிப் போடுவதற்கு அலுவலகங்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆகவே பள்ளியில் சொல்லிக்கொடுத்த முறைப்படி, பெறுநர், பொருள், ஐயா என்றே ஆரம்பித்தாள். “முதியோர் இல்ல முதல் மாடியில் எங்கள் நிறுவனம் பச்சை பூசிய ஹெட்களைப் பொருத்தியிருந்தது தவறு. அவற்றை அகற்றிவிட்டோம். இதையே எங்கள் மீதான புகாராக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். இந்தப் பச்சை ஹெட்களையே ஊரின் மற்ற கட்டடங்களிலும் நகராட்சி ஆய்வாளர் பார்த்து மகிழ்ந்திருக்கிறார். கட்டடங்களின் பெயர்கள் மறுபக்கத்தில். இனி அந்தக் கட்டில்களுக்கு மேலே மீண்டும் பச்சை பூச வேண்டுமென்றால், பூசச் சொல்கிறவர் தம் பெயரோடு எழுத்தில் சொல்லட்டும்; அதைக் கட்டிலில் இருப்பவர்களுக்கு நானே படித்துக் காட்டுவேன். மாதிரிக்கு ஒரு ஹெட் இத்துடன்.”

கீழே எழுதினாள்: “நகல்: எதிர்க் கட்டடம்.”

அதே கடிதத்தை இன்னொரு முறையும் எழுதினாள். இரண்டு உறையிலும் ஒவ்வொரு பச்சை ஹெட்டைப் போட்டாள். கட்டடங்களின் பட்டியலில் தலைவர் கட்டிய திருமண மண்டபமும் இருந்தது. தேதி கட்டிய பள்ளிக்கூடமும் இருந்தது. அவற்றை எழுதும்போது மட்டும் அவள் எழுத்து வழக்கத்தைவிட அழகாக விழுந்தது.

மறுநாள் தபால் நிலையத்தில் கவுண்டருக்குள் இருந்தவர் உறையை அமுக்கிப் பார்த்தார்.

“இந்த ரெண்டு ஆபீசும் பக்கத்துத் தெருதானே? நடந்து போய்க் குடுக்கலாமேம்மா.”

“நடந்து போய்ப் பாத்துட்டேன். ரிஜிஸ்டர்ல போட்டுடுங்க.”

“உள்ளே கல்லு மாதிரி என்னமோ இருக்கே?”

“ஸ்பிரிங்க்ளர் ஹெட். நடுவுல கண்ணாடி இருக்கு.”

“கண்ணாடியா? உடையுமா?”

“உடையணும். அதுக்குத்தான் அதைச் செஞ்சிருக்காங்க,” என்றாள் அவள். “ஆனா இது உடையாது.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் அவருக்கில்லை. உறைகளின் வாயில் இன்னொரு முறை பசை தடவி அழுத்தினார், ஓங்கி இரண்டு முத்திரை குத்தினார், பின்னால் திரும்பிப் பார்க்காமலே சாக்குப் பைக்குள் வீசினார்.