வாய்தா நாள்

கோர்ட்டில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் டக்டக். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் டைப் அடிக்கிற வேகத்தைக் கேட்டுவிட்டு டவாலி வைத்த பெயர் அது. வாசலில் நின்று வழக்குக்காரர்களைத் தொண்டை கிழியக் கூப்பிடுவதுதான் டவாலியின் உத்தியோகம். அந்தத் தொண்டையால் ஒரு பெயரை வைத்துவிட்டால் அப்புறம் மாறவா போகிறது? ஓய்வு பெற்று, முட்டி தேய்ந்து, கண்ணில் புரை விழுந்த பிறகும், பழைய ஆட்கள் தெருவில் பார்த்தால் "என்ன டக்டக், சௌக்கியமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தக் காலத்தில் எல்லாக் கோர்ட்டும் ஒரே கட்டிடத்தில்தான் இருந்தன. உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் சின்ன சிவில் கோர்ட். சுவர்த் தகராறு, சாக்கடைத் தகராறு, காலி பண்ண மாட்டேன் என்கிற குடித்தனக்காரர், ஓரளவு மதிப்புக்குள் அடங்குகிற சொத்துப் பிரிவினை எல்லாம் அங்கே. இடது பக்கம் கிரிமினல் கோர்ட். அடிதடி, சைக்கிள் திருட்டு, குடித்துவிட்டு ரகளை. கொலை மாதிரிப் பெரிய விவகாரம் வந்தால் அங்கே விசாரிக்க மாட்டார்கள், மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். மாடியில் பெரிய கோர்ட். பெரிய சொத்து, பெரிய குற்றம், கீழே சொன்ன தீர்ப்பு பிடிக்காதவர்களின் அப்பீல், எல்லாம் அங்கே போய்ச் சேரும். பின்கட்டில் குடும்பக் கோர்ட். "கண்ணை மூடிக்கிட்டு அழுகைச் சத்தத்தை மட்டும் கேட்டாப் போதும், எந்தக் கோர்ட்டுன்னு சொல்லிடுவேன்" என்பார் டவாலி.

டக்டக்குக்குச் சின்ன சிவில் கோர்ட்டில் வேலை. அவள் மேஜையை ஒட்டிய ஜன்னலுக்கு வெளியேதான் வராந்தா, வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. அக்காவும் தங்கையும் வந்து உட்கார்ந்தது அந்த பெஞ்சில்தான்.

அப்பா விட்டுப் போன வீட்டைப் பிரித்துத் தரச் சொல்லிப் பெரியவள் போட்ட வழக்கு. போட்டது பெரியவள் என்று பேரே தவிர, போட வைத்தது அவள் வீட்டுக்காரர். சின்னவள் புருஷனோடு அந்த வீட்டிலேயே தங்கி அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள். பெரியவளின் கணவர் ஒரு நாள் அந்த வீட்டு வாசலில் நின்று "மாமனார் வீட்டு வாட்ச்மேன்" என்று ஏதோ கேலி பேச, அது சின்னவளின் கணவர் காதில் விழ, அன்றோடு போக்குவரத்து நின்றது. சகலைகள் இரண்டு பேரும் தங்கள் பெண்டாட்டிகளுக்குப் போட்ட உத்தரவும் ஒன்றேதான்: அவங்க வீட்டு ஆட்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

கோர்ட்டுத் தேதி விழுகிற நாளெல்லாம் கணவர்கள் இரண்டு பேருக்கும் வேலை நாள். அதனால் கோர்ட்டுக்கு வந்தது பெண்கள் மட்டும்.

முதல் தடவை ஆளுக்கொரு முனையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த தடவை நடுவில் ஒரு பை வைக்கிற இடம்தான் இருந்தது. அதற்கடுத்த தடவை, சின்னவளின் அவிழ்ந்த சடையைப் பெரியவள் பின்னிக்கொண்டிருந்தாள். டக்டக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

மத்தியானம் இருவரும் டப்பாக்களைத் திறந்து, இதில் அதையும் அதில் இதையும் மாற்றிப் போட்டுச் சாப்பிட்டார்கள். பெரியவளின் வக்கீல் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னம்மா இது, எதிர்க்கட்சியோட உக்காந்து சாப்பிடறீங்க?"

"சாப்பாட்டுல என்ன சார் கட்சி?" என்றாள் பெரியவள், வாயில் கவளத்தோடு.

ஜன்னல் வழியாகக் குசலம் விசாரிப்பதில் ஆரம்பித்து, டக்டக்கும் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வரத் தொடங்கினாள். அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. "நீ எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பொறந்தவ" என்று சொல்லிப் பெரியவள் பெஞ்சின் நடுவில் இடம் விட்டாள். பேசியதெல்லாம் உப்புச்சப்பில்லாத விஷயங்கள்தான். யார் பிள்ளைக்குப் பல் விழுந்தது, எந்த சோப்பு கையை அரிக்கிறது. ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது நினைத்து நினைத்துச் சிரித்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது. வழக்குக்காரர்கள் எல்லோரும் வாய்தா என்று அடுத்த தேதி விழுந்தால் முனகிக்கொண்டே போவார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட மாதிரி போவார்கள்.

அப்போதுதான் புது ஜட்ஜ் வந்தார். கறார் பேர்வழி. பழைய வழக்கையெல்லாம் தூசி தட்டி முடித்துக்கொண்டே வந்தார். சின்னவள் கையைப் பிசைந்துகொண்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"இன்னொரு வாய்தா வாங்க என்ன பண்ணணும்?"

"எல்லாரும் சீக்கிரம் முடியணும்னு கேப்பாங்க. நீங்க என்ன இப்படிக் கேக்கறீங்க?"

"முடிஞ்சிட்டா நாங்க எங்க போய்ப் பாத்துக்கறது?"

டக்டக் மெஷினில் புதுத் தாளைச் செருகினாள். கடைசியில் அந்த வழக்கின் தீர்ப்பை அடித்ததும் அவள்தான். ஆளுக்குப் பாதி என்று நேர்மையாகச் சொல்லியிருந்த தீர்ப்பு. அதை அடித்து முடிப்பதற்குள் எத்தனை தாளைக் கசக்கிப் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

தீர்ப்பு வாசித்த அன்று இரண்டு வக்கீல்களும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அக்காவும் தங்கையும் பேயறைந்த மாதிரி நின்றார்கள். பெரியவள் மெதுவாகக் கேட்டாள்.

"இதுக்கு மேல எங்கேயும் போக முடியாதா?"

டக்டக் மாடிப்படியைக் காட்டினாள். "தீர்ப்பு சரியில்லேன்னா பெரிய கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். ஆனா அதுக்கு ஒரு காரணம் சொல்லணும்."

"காரணம்தானே" என்று பெரியவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

கொல்லையில் இருக்கிற துணி துவைக்கிற கல் யாருக்கு என்று தீர்ப்பில் சொல்லவில்லை. அதுதான் காரணம். இவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று வக்கீல் மற்ற வக்கீல்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். ஆனாலும் அப்பீலை ஏற்று நம்பர் போட்டார்கள், தேதி விழுந்தது. சாப்பாடு இப்போது மாடி வராந்தாவில். டக்டக் டப்பாவோடு படியேறிப் போவாள்.

மாடியில் ஜட்ஜாக இருந்தவர் வயதான அம்மா. காகிதத்தைப் படித்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக வராந்தாவைப் பார்த்தார். அங்கே இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே தண்ணீர் பாட்டிலிலிருந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த தேதிக்கு இரண்டு பேரின் கணவர்களும் நேரில் வர வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

வந்தார்கள். எலியும் பூனையுமாக ஆளுக்கொரு தூண் பக்கம் நின்றார்கள். விஷயம் தெரிந்து கீழிருந்து டக்டக்கும் டவாலியும் மேலே வந்து கதவோரம் நின்றார்கள்.

"கல்லை விடுங்க. உங்க ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?" என்றார் ஜட்ஜ்.

சின்னவளின் கணவர் மென்று முழுங்கினார். "என்னை வாட்ச்மேன்னு சொன்னாருங்க."

"சொன்னீங்களா?"

பெரியவளின் கணவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். "சொன்னேங்க. ஆனா இவரை இல்ல. வாசல்ல ஒரு நாய் படுத்துக் கெடந்தது. அதைச் சொன்னேன்."

"அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றார் மற்றவர், ஜட்ஜ் இருப்பதையே மறந்து.

"நீங்க எங்க கேட்டீங்க?"

ஜட்ஜ் காகிதத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். காகிதம் குலுங்கியது. நிஜமாகவே நாயைத்தான் சொன்னாரா, அந்த நிமிஷத்தில் தோன்றிய புளுகா, கடைசிவரை யாருக்கும் தெரியாது. அன்று மத்தியானம் டப்பாக்களைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தார்கள். டக்டக் எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டாள். அப்பீலை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த மாதம் பெஞ்சில் யாரும் இல்லை. வேறு யார் யாரோ வந்தார்கள், போனார்கள். டைப் மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. கிரிமினல் கோர்ட்டுக்கு ஒரு கட்டிடம், குடும்பக் கோர்ட்டுக்கு ஒரு கட்டிடம் என்று ஊரின் நாலு மூலைக்கும் பிரித்துக்கொண்டு போனார்கள்.

போன மாதம் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை அவள் கையைப் பிடித்தது. சின்னவள். தலை முழுக்க வெள்ளை.

"அக்கா எப்படி இருக்காங்க?" என்று முதலில் கேட்டது டக்டக்தான்.

"இருக்கா. பாத்து ரொம்ப நாளாச்சு."

"ஏன், மறுபடியும் சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. எப்ப வேணும்னாலும் போகலாம்னு ஆயிடுச்சு இல்ல, அதனாலேயே போறதில்ல. இன்னைக்குப் பேரனுக்குப் பரீட்சை, நாளைக்கு மருமகளுக்கு ஆபீசு. கோர்ட்டுத் தேதின்னா யாராவது தடுக்க முடியுமா?"

டக்டக் சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள்.

"இங்கேயிருந்து அவங்க வீடு எவ்வளவு தூரம்?" என்றாள் டக்டக்.

"பஸ்ல ஏறினா இறங்க வேண்டியதுதான்."

மருந்து விட்ட கண்ணுக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. பஸ் நம்பரை நடத்துனரிடம் கேட்டுத்தான் ஏறினார்கள். பெரியவள் கதவைத் திறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காது மந்தமாகிவிட்டது, அதனால் எல்லாவற்றையும் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே அடுப்படிக்குள் போனார். டம்ளர்கள் மோதுகிற சத்தம் கேட்டது.

"பசங்ககிட்ட சொல்லிட்டு வந்தீங்களாடி?" என்று கேட்டாள் பெரியவள்.

"இல்லக்கா" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.