ஞாயிற்றுக்கிழமை எங்கே போவீர்கள்?

ஞாயிறு காலை தனுஜா டீச்சர் குளிக்கப் போயிருந்தபோது அவருடைய மேசையைத் துடைக்கப் போனேன். வேவு பார்க்கப் போகவில்லை, துடைக்கத்தான் போனேன். ஆனால் மேசை மேல் ஒரு நீளப் படிவம் விரித்துக் கிடந்து, அதில் 'இடமாற்ற விண்ணப்பம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தும் இருந்தால், கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பெயர், முகவரி, பாடம் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. 'காரணம்' என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

என் மகள் பிரியந்திக்குச் சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம். இரண்டு வருடத்தில் கணிதத்துக்கு வந்த மூன்று பேரும் போய்விட்டார்கள். முதலாமவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாமவருக்குக் கல்யாணம். மூன்றாமவர் ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறினார், திங்கட்கிழமை இறங்கவில்லை. நாலாவதாகக் கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவர்தான் தனுஜா டீச்சர். அவர் வந்த மூன்றாவது வாரம் பிரியந்தி கணிதக் கொப்பியோடு அடுப்படிக்கு வந்து, "அம்மா, எனக்கு வெளங்குது" என்றாள். பத்து வருடப் பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தையை நான் முதன்முதலாகக் கேட்டேன். அன்றைக்கே முன் அறையைச் சுத்தம் செய்து டீச்சரை எங்கள் வீட்டிலேயே தங்க வைத்துவிட்டேன்.

நான் லிந்துலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். கொளுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகிற இருபத்திரண்டு குழந்தைகளை ஒரே அதட்டலில் தூங்க வைப்பேன். அப்படிப்பட்டவளுக்கு ஒரு டீச்சரைப் பிடித்து வைக்கத் தெரியவில்லை.

தப்பு என் மேல்தான். முந்தின நாள்தான் டீச்சர் கேட்டிருந்தார்.

"இங்க ஞாயித்துக்கிழமைல என்ன அக்கா செய்வீங்க?"

"துணி தொவைப்போம் டீச்சர்."

"அதுக்குப் பிறகு?"

"காயப் போடுவோம்."

"பிறகு?"

"காயாது டீச்சர்."

அவர் அறைக்குப் போய்விட்டார். அந்தப் படிவத்தை அப்போதுதான் எடுத்திருக்க வேண்டும். என் வாயில் சூடு வைத்தால் தகும்.

உடனே என் வீட்டுக்காரர் கஜேந்திரனை எழுப்பினேன். அவருக்குச் சொந்தமாக ஒரு ஆட்டோ இருக்கிறது. நல்ல மனுசன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் உண்மையைச் சொல்லித் தொலைப்பார், அது ஒன்றுதான் அவரிடமுள்ள கெட்ட பழக்கம்.

"எழும்புங்க. இன்னைக்கு டீச்சருக்கு ஊரச் சுத்திக் காட்டணும்."

"நம்ம ஊர்ல காட்டுறதுக்கு என்னா இருக்கு?"

"அதத்தான் டீச்சர் முன்னாடி சொல்லிறாதீங்க."

டீச்சர் மறுக்கவில்லை. போனில் 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். பார்த்தால், பத்தில் ஏழு தேத்தண்ணி குடிக்கிற இடம், வெள்ளைக்காரர்களுக்காக எழுதியது. தேயிலைக்கு நடுவில் வீட்டைக் கட்டிக்கொண்டு, தேத்தண்ணி குடிக்க எதற்கு ஆறு மைல் போக வேண்டும்? மிச்சம் மூன்றும் நீர்வீழ்ச்சி. பக்கத்தில் இருந்ததற்குப் போனோம்.

போனால் ஒரே பனிமூட்டம். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சத்தம் கேக்குதுல்ல டீச்சர்? அதான் நீர்வீழ்ச்சி" என்றேன்.

"நல்லாக் கேக்குது அக்கா" என்றார் டீச்சர், மரியாதைக்கு.

"அது பின்னாடி லொறி ஏறுற சத்தம்" என்றார் கஜேந்திரன்.

அவர் காலை மிதிக்க நினைத்தேன், பனியில் கால் தெரியவில்லை.

எனக்கு இன்னொரு திட்டமும் இருந்தது. தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், தொழிலாளர் லயங்களுக்கு நடுவே ஒரு மைதானம் உண்டு. ஞாயிறு காலையில் அங்கே கரப்பந்து ஆட்டம் நடக்கும். ஊரே கூடிக் கத்தும். அதைப் பார்த்தாலாவது டீச்சருக்கு மனசு மாறும் என்று கூட்டிக்கொண்டு போனேன். கீழ்ப்பிரிவுப் பிள்ளைகள் வேறு பள்ளிக்கூடம் போகிறவர்கள், அதனால் டீச்சரை அங்கே யாருக்கும் தெரியாது.

நாங்கள் இறங்கும்போது ஆட்டம் பதினாலுக்குப் பதின்மூன்று. பந்தை வைத்திருந்தவன் அணித் தலைவன் வினோஜன். நடுவர், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் கந்தப்பன் அண்ணன், விசிலை வாயிலேயே வைத்திருந்தார். நான் சந்தோஷமாக டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். அவரோ ஆட்டத்தைப் பார்க்காமல் ஒரு கல்லில் உட்கார்ந்து, பையிலிருந்து அந்த நீளப் படிவத்தை எடுத்து மடியில் விரித்து, பேனாவைத் திறந்தார். காரணம் எழுதப் போகிறார்!

அடுத்த நிமிடம் மைதானமே அமைதியாகிவிட்டது. விசில் நின்றது, பந்து நின்றது. எல்லோரும் டீச்சரின் மடியைத்தான் பார்த்தார்கள். நல்ல சேலை உடுத்தின, வெளியூர்ப் பெண் ஒருத்தர். கையில் அச்சடித்த அரசாங்கப் படிவம். திறந்த பேனா.

"படிவம் வந்திருச்சு!" என்று ஒரு குரல். "வீட்டுத் திட்டத்துக்குப் பேர் எடுக்குறாங்க!"

மழை வருகிறதென்றால் கூட எங்கள் ஆட்கள் அவ்வளவு வேகமாக ஓட மாட்டார்கள். வீட்டுக்குள் ஓடி, அடையாள அட்டையும் போட்டோக் கொப்பியுமாக வந்து, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் நிற்கிற மாதிரி டீச்சருக்கு முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள். நாற்பது பேருக்குக் குறையாது. இரண்டு அணியும் வரிசையில். ஒரு அம்மா கைக்குழந்தையை வாங்கி வந்து இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அது அவள் குழந்தையே இல்லை. அந்தக் குழந்தையைத் தினமும் தூங்க வைக்கிறவளுக்குத் தெரியாதா?

"நான் வீட்டுத் திட்டத்துல இருந்து வரல்ல. நான் கணக்கு டீச்சர்" என்றார் தனுஜா.

வரிசையில் முதலில் நின்ற அழகம்மா தலையாட்டினாள். அவள் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். "மொதல்ல எல்லாரும் அப்பிடித்தான் மிஸ் சொல்லுவாங்க. நீங்க எழுதுங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கஜேந்திரனைப் பார்த்தேன். அவர் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார்.

என்ன நினைத்தாரோ, டீச்சர் படிவத்தைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தை மேலே வைத்தார். "சரி. நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். ஞாயித்துக்கிழமை சந்தோசமா இருக்க நீங்க எங்க போவீங்க?"

கடவுளே, இதைவிட நல்ல கேள்வி உண்டா என்று எனக்கு உள்ளம் குளிர்ந்து போனது. சொல்லுங்கடி, அள்ளிக் கொட்டுங்கடி என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

அழகம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சந்தோசமா? நான் சிரிச்சே ரெண்டு வருசமாச்சுங்க மிஸ். கூர ஒழுகுது."

டீச்சர் எழுதினார்.

அடுத்தது கந்தப்பன் அண்ணன். "எங்கயும் போறதில்லீங்க. ஒழுகுற எடத்தப் பாத்துக்கிட்டே படுத்திருப்பேன்."

மூன்றாவது வினோஜன். "இங்க வெளையாட்டுன்னு ஒண்ணுமே கெடையாதுங்க மிஸ்" என்றான். பந்து அவன் கக்கத்தில் இருந்தது.

பன்னிரண்டு பேர் வரை பொறுத்தேன். பன்னிரண்டு பேரும் ஒரே ஒப்பாரி. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. எத்தனையோ வருடமாகப் படிவத்தோடு வந்த ஒவ்வொருவரிடமும் கஷ்டத்தை மட்டும்தான் சொல்லிப் பழக்கம். சிரித்தேன் என்று சொன்னால் எங்கே பட்டியலில் பெயர் போய்விடுமோ என்ற பயம். கூரை ஒழுகுவதும் பொய்யில்லை. எனக்கு அது தெரியும், நெஞ்சு வலிக்கவும் செய்தது. ஆனால் என் பிள்ளையின் கணிதம் கண் முன்னால் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"அடியே அழகம்மா!" என்று ஒரு சத்தம் போட்டேன். பிள்ளைக் காம்பராச் சத்தம். அந்த இரவல் குழந்தை உடனே கண்ணை மூடிக்கொண்டது.

"சிரிச்சு ரெண்டு வருசமாச்சா? போன ஞாயிறு பீலிக்கர பக்கம் குளிக்கப் போயி, ஸ்பீக்கர வச்சுக்கிட்டு, தலையில சோப்போட ஆடுனது யாரு? பீலித் தண்ணி நின்னுபோச்சு, நீ நின்னியா?"

வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

"கந்தப்பண்ணே! கூரையப் பாத்துக்கிட்டுப் படுத்திருப்பீங்களா? பேக்கரிக்குப் பின்னாடி, ஓவன் சூடு ஏறுற செவுத்துல முதுகச் சாச்சுக்கிட்டு, மூணு மணி நேரம் கேரம் அடிக்கிறது உங்க தம்பியா? டேய் வினோஜன், மொதல்ல அந்தப் பந்தக் கீழ வைடா!"

"நீ யாரு லெச்சுமி என்னையச் சொல்ல?" அழகம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் மட்டுமா ஆடுனேன்? இந்தா நிக்கிறாளே, இவளும்தான் ஆடுனா. அவ மாமியாரும் ஆடுச்சு!"

அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் போட்டுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். ஸ்டேசன் மேம்பாலத்தில் நின்று ரயிலுக்குக் கை காட்டி, எத்தனை வெள்ளைக்காரர் திருப்பிக் காட்டினார்கள் என்று பந்தயம் பிடிக்கிறவர்கள். வங்கி மெஷின் அறைக்குள் குளிர் இல்லையென்று அட்டையே இல்லாமல் போய் நின்று கதை பேசுகிறவர்கள். கோயில் மண்டபத்தில் தப்படிக்கப் பழகுகிறேன் என்று சீட்டு விளையாடுகிறவர்கள். எனக்கே பாதி புதுச் செய்தி. இத்தனை வருடம் இந்த ஊரில் துணிதான் துவைத்துக்கொண்டிருந்தேனா?

டீச்சர் குனிந்து குனிந்து எழுதினார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அக்கா?" என்று திடீரென்று என்னைக் கேட்டார். "நீங்க எங்க போவீங்க?"

"எனக்கு எங்க டீச்சர் நேரம்?" என்றேன் கொஞ்சமும் யோசிக்காமல். "வேல, வீடு. ஞாயித்துக்கிழம கருவாடு வாங்க டவுனுக்குப் போவேன். அவ்வளவுதான்."

அவர் அதையும் எழுதினார்.

பிறகு அவரே எழுந்து, "எனக்கு அந்த ஓவன் சுவரப் பாக்கணும்" என்றார். கந்தப்பன் அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டே ஆட்டோவில் ஏறினார். டவுன் பேக்கரிக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அறை. வெளியே உடம்பு விறைக்கிற குளிர், உள்ளே வேர்வை. டீச்சர் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, கட்டையில் பட்டுத் திரும்பும் கோணத்தை விரலால் காற்றில் கீறிப் பார்த்து, சிவப்பைக் குழியில் போட்டார். கந்தப்பன் அண்ணன் முதல் ஆட்டத்தில் சிரித்தார். இரண்டாவதில் சட்டைக் கையை மடித்தார். மூன்றாவதிலும் தோற்றபின், "இது கணக்குப் படிச்ச ஆளுங்க ஆட்டம், செல்லாது" என்றார். சுடச்சுட வந்த பணிஸை எல்லோரும் ஊதி ஊதித் தின்றோம்.

நாலு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் வெளியே வந்தோம். எதிரே மர்சூக் நானாவின் கூல்பார். தேத்தண்ணி வாங்கித் தருகிறேன் என்று டீச்சர் உள்ளே இழுத்தார். நான் எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன்.

உட்காரவில்லை, அதற்குள் மர்சூக் நானா ஒரு உயரக் கண்ணாடிக் கிளாஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ரோஸ் நிறத்தில் பலூடா, மேலே ஐஸ்கிறீம்.

"இன்னைக்குப் பத்து நிமிசம் லேட் தங்கச்சி" என்றார். "கசகசா கூடப் போட்டீக்கி, வழமை போல."

கஜேந்திரன் கிளாஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வழமை போலயா? அப்ப அந்தக் கருவாடு?"

"அதையும் வாங்குவேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

எப்படிச் சொல்வது? வாரம் முழுக்க இருபத்திரண்டு பிள்ளைகளின் அழுகை. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் யாரும் அம்மா என்று கூப்பிடாத ஓரிடத்தில், குளிரில் பல் கூசக் கூச, தனியாக ஒரு பலூடா. ஆறு வருடமாக நடக்கிறது. ஊரையெல்லாம் போட்டுக்கொடுத்தவள் இப்போது திருடி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. பையிலிருந்து படிவத்தை எடுத்து, பின்பக்கத்தில் 'கருவாடு' என்று எழுதியிருந்ததை வெட்டி, 'நாகலெட்சுமி அக்கா, பலூடா, நாலு மணி' என்று எழுதினார். அதோடு பக்கம் நிரம்பிவிட்டது. படிவத்தைத் திருப்பினார். அந்தப் பக்கத்தில் 'காரணம்' இன்னும் வெறுமையாகவே இருந்தது.

"இத இனி எப்பிடிக் கல்விக் கந்தோர்ல கொடுக்கிறது? பின்னால முழுக்க உங்க ஊர்" என்றார்.

"புதுப் படிவம் சும்மாவே தருவாங்க டீச்சர்" என்றார் கஜேந்திரன். "நாளைக்குக் காலையிலேயே ஆட்டோவுல..."

இந்தத் தடவை பனி இல்லை. கால் நன்றாகத் தெரிந்தது. மிதித்தேன்.

"நாளைக்கு ஏலாது அண்ணன்" என்றார் டீச்சர். "நாளைக்கு முதல் பாடமே எனக்குத்தான்." படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "அக்கா, பிரியந்திய மறக்காம பாகைமானி கொண்டுவரச் சொல்லுங்க. கோணத்துல அவளுக்கு இன்னும் அஞ்சு மாசத்துக்கு வேல இருக்கு."

கண்ணில் தண்ணீர் முட்டியது. கிளாஸை டீச்சர் பக்கம் தள்ளினேன். மர்சூக் நானா கேட்காமலே இன்னும் இரண்டு கரண்டி கொண்டுவந்து வைத்தார்.