கேட்காத சங்கு

அண்ணனுக்கு முட்டி போய்விட்டது. படியேற முடியாது, பஸ் ஏற முடியாது. அவர் எழுதிய புத்தகத்தின் புதிய பதிப்புக்காக மில் ஊருக்குப் போய்ப் பழைய சாட்சிகளை மறுபடி பார்த்துவிட்டு வரும் வேலை தங்கையின் தலையில் விழுந்தது. அவளும் அதே பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள்தான். ஆனால் உள்நாட்டுப் போரைப் பற்றி யார் வாய் திறந்தாலும் அண்ணனின் புத்தகத்தில்தான் போய் நிற்பார்கள். அவளுக்கு முதுகுக்குப் பின்னால் 'வால்' என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். ஒருமுறை ஆசிரியர்கள் அறைக்குள் நுழைந்தபோது, "வால் வந்தாச்சு, தலை பின்னால வருது" என்று அவளே சொல்லி எல்லார் வாயையும் அடைத்திருக்கிறாள்.

போரின் கடைசி வருஷம், மில் குடியிருப்புத் தெருவில் நின்ற ஜனங்களை ராணுவம் சுட்டுத் தள்ளியது. அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று அரசாங்கம் நெடுங்காலம் சாதித்தது. ஊர் ஊராக அலைந்து, சாட்சிகளைப் பேசவைத்து, நடந்ததுதான் என்று நிறுவியவர் அண்ணன். அந்த ஊரில் அவருக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. அவருடைய தங்கை என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள்.

முதலில் தையல்காரம்மாவைப் பார்த்தாள். கணவனையும் தங்கையையும் அந்தத் தெருவிலேயே பறிகொடுத்தவர். மெஷினை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"அன்னைக்குக் காலைல வானம் கழுவித் தொடச்சு வெச்ச மாதிரி இருந்துச்சும்மா. அப்பதான் மில் சங்கு ஊதிச்சு. வேலை நேரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னமோ ஏதோன்னு எல்லாரும் வீட்டை விட்டு வெளிய வந்தோம். வந்தவங்களை அப்படியே சுட்டாங்க."

தங்கைக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அண்ணனின் மூன்றாம் அத்தியாயம் இதே வரியில்தான் தொடங்கும். சாட்சியின் வாய்ச்சொல்லை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார் பார், என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து ஓய்வுபெற்ற மில் குமாஸ்தா. அவர் சொன்ன வானமும் கழுவித் துடைத்ததாகத்தான் இருந்தது. பிறகு சலூன்காரர். அவருக்கும் அதே வானம், அதே சங்கு, அதே என்னமோ ஏதோ. அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த பெண்கூடச் சங்குச் சத்தத்தைக் காதால் கேட்டதாகச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் தங்கையின் பெருமையெல்லாம் வடிந்துவிட்டது. அவள் கேட்டுக்கொண்டிருந்தது சாட்சியம் அல்ல. அண்ணனின் புத்தகம் அவளுக்கே திரும்ப ஒப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

"சங்கு ஊதினவர் இன்னும் ஊர்ல இருக்காரா?" என்று சலூன்காரரிடம் கேட்டாள்.

அவர் கத்தியைத் தோல்பட்டையில் தீட்டிக்கொண்டே, "அவனுக்கும் சங்கு ஊதியாச்சு" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

நடந்தது இதுதான். தெருமுனையில் நினைவுக்கல் வைத்த அன்று, மூன்றாம் அத்தியாயத்தை மைக்கில் வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் கூட்டத்தில் யாரோ, "ஊதினவன் இங்கதானே சோறு தின்னுக்கிட்டிருக்கான்" என்றான். கூட்டம் நேராகச் சங்குக்காரர் வீட்டுக்குப் போனது. அவரை வாசலில் இழுத்துப் போட்டு அடித்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

அவர் மகள் இப்போது அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். தங்கை போனபோது ஈரப் போர்வைகளை உதறிக்கொண்டிருந்தாள். வந்தவள் யாருடைய தங்கை என்று தெரிந்ததும் கை நின்றது.

"அன்னைக்கு எங்கப்பா மில்லுக்கே போகல, மேடம். ஜுரத்துல சுருண்டு படுத்திருந்தாரு. சங்கும் ஊதல, ஒரு மண்ணும் ஊதல. தண்ணி லாரி வந்துச்சுன்னு எல்லாரும் வாளியைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. அவ்வளவுதான்."

"இதை யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரு கேட்டாங்க?"

மகள் வேறு எப்படிச் சொல்வாள், என்று தங்கைக்குள் இருந்த வரலாற்றுக்காரி நினைத்தாள். அப்பனைக் காப்பாற்றும் பேச்சை ஆதாரமாக எடுக்கமுடியாது. அப்படி நினைத்ததற்காக அப்போதே வெட்கப்பட்டாள். ஆனாலும் நினைத்தாள்.

ஊர் திரும்பியதும் நூலகத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்து, அண்ணன் அந்தக் காலத்தில் பதிவு செய்த கேசட்டுகளைப் போட்டுக் கேட்டாள். முதல் கேசட்டில் தையல்காரம்மாவின் இளவயதுக் குரல். வானத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

"தண்ணி லாரி வந்துச்சுன்னாங்க. நாலஞ்சு நாளா சொட்டுத் தண்ணி இல்லையா, வாளியைத் தூக்கிக்கிட்டு ஓடினோம்..."

"அது சரிம்மா," என்று அண்ணனின் குரல் குறுக்கே வந்தது. சுறுசுறுப்பான, அன்பான குரல். "அதுக்கு முன்னால ஏதாவது சத்தம் கேட்டுச்சா? சங்கு மாதிரி?"

"சங்கா? தெரியலையே, தம்பி."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. அத்தனை பேரும் ஒரே நேரத்துல எப்படி வெளிய வந்தீங்க? யாராவது கூப்பிட்டிருக்கணும் இல்ல?"

நாடா சும்மா ஓடியது. பிறகு அந்தக் குரல், எதிரில் இருக்கும் படித்த மனிதர் மனம் கோணக்கூடாதே என்பது போல, "ஊதியிருக்கும்" என்றது.

அடுத்த கேசட்டில், "சங்கு ஊதிச்சாமே, நீங்க கேட்டீங்களா?" என்று அண்ணன் கேட்டார். கடைசிக் கேசட்டுகளில் அவர் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தங்கை இயர்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.

அண்ணன் முட்டியில் வெந்நீர்ப்பை வைத்துக்கொண்டு ஈஸிசேரில் இருந்தார். அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். மறுக்கவில்லை.

"கேள்வி கேக்காம பதில் எப்படி வரும்? அத்தனை பேர் ஏன் தெருவுக்கு வந்தாங்கன்னு யாராவது விளக்கணும் இல்ல?"

"அவங்கதான் விளக்கினாங்களே. தண்ணிக்கு வந்தாங்க."

"தண்ணி லாரின்னு எழுதினா, தண்ணிக்கு முட்டி மோதின கலவரம், அதுல ராணுவம் சுட்டுச்சுன்னு முடிச்சுடுவாங்க. சங்குன்னா திட்டம் போட்டுச் செஞ்சது. திட்டம் போட்டுத்தான் செஞ்சாங்க. அதுல உனக்குச் சந்தேகம் இருக்கா?"

"இல்ல. ஆனா சங்கு ஊதல, அண்ணே."

"நான் யார் பேரையும் போடலையே. 'சங்கு ஊதப்பட்டது'ன்னுதான் எழுதியிருக்கேன்."

"அந்த ஊர்ல சங்கு ஊதறது ஒரே ஆளுதானே?"

அண்ணன் வெந்நீர்ப்பையை எடுத்துக் கீழே வைத்தார். "அவர் செத்தது குடிச்சுட்டு ஏதோ தகராறுலன்னு சொன்னாங்க எங்கிட்ட" என்றார். பிறகு, "இதை மாத்தினா, எதுவும் நடக்கலைன்னு சொல்ற அந்தப் பக்கத்து ஆளுங்க மொத்தப் புத்தகமும் பொய்ம்பாங்க. அதுக்குத்தான் வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கானுங்க. செத்தவங்களை இன்னொரு தடவை சாகடிக்கப் போற, பாத்துக்க" என்றார்.

"ஒருத்தரை நாம ஏற்கெனவே சாகடிச்சாச்சு."

"அப்ப நீயே எழுதிக்க. என் பேரை எடுத்துடு."

அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசவில்லை. அண்ணி மட்டும் போனில், "ரெண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், ஒரே ரத்தம்" என்று அழுதாள்.

புத்தகம் அச்சுக்குப் போகும் முன் தங்கை சலவைக்கூடத்துக்கு மறுபடி போனாள். சங்கு ஊதவில்லை என்று எழுதப்போகும் நல்ல செய்தியைக் கொண்டுபோகிறோம் என்ற நினைப்பு அவளுக்கு. மகள் கேட்டுவிட்டுப் போர்வையை மடித்தாள்.

"வேண்டாம், மேடம். ஒரு தடவை எழுதினீங்க, வீட்டு வாசலுக்கு வந்தாங்க. இன்னொரு தடவை எழுதினா இன்னொரு தடவை வருவாங்க. எனக்குப் பிள்ளைங்க இருக்கு."

"அப்பாமேல இருக்கிற பழி போகணும் இல்லையா?"

"அவருக்குப் போகும். நாங்க இங்கதானே இருக்கணும்?"

தங்கை பல நாள் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் எழுதினாள். கேசட்டில் இருந்ததை அப்படியே, அண்ணனின் கேள்விகளோடு சேர்த்து அச்சிட்டாள். அண்ணன் சொன்னதும் நடந்தது. மகள் சொன்னதும் நடந்தது. படுகொலையே கட்டுக்கதை என்று எதிர்ப்பக்கத்துப் பத்திரிகை முதல் பக்கத்தில் கொண்டாடியது. மில் ஊரில் யாரோ இரவோடு இரவாகச் சங்குக்காரர் வீட்டு ஜன்னல்களை உடைத்தார்கள். மகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டாள். தங்கை ஆஸ்பத்திரியில் விசாரித்தாள், யாருக்கும் தெரியவில்லை.

தையல்காரம்மாவையாவது பார்த்துப் பேசிவிட வேண்டும் என்று தங்கை மறுபடி அந்த ஊருக்குப் போனாள். இந்தத் தடவை யாரும் நாற்காலியைத் துடைக்கவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

"நான் கேட்டேன்மா, சங்கு" என்றார் அவர். "இப்பவும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. என் காது பொய்யின்னு புத்தகத்துல போட்டுட்டீங்களே."

"உங்க குரல்தான் அது. நீங்கதான் தண்ணி லாரின்னு சொல்லியிருக்கீங்க."

தையல்காரம்மா ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தார். வரவில்லை. மறுபடி நுனியைக் கடித்துக் கோர்த்தார். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அப்ப அந்த லாரியை யார் அனுப்பினது?"

"தெரியல."

"டிரைவர்னு ஒருத்தன் இருந்திருப்பான் இல்ல? சும்மாவா வந்திருப்பான்? ஊர்லயும் அதைத்தான் பேசிக்கிறாங்க. அவன் எந்த ஊரு? குடும்பம் கிடும்பம் இருக்கா?"

தங்கை அந்த டிரைவரைத் தேடியிருந்தாள். பெயர்கூடக் கிடைக்கவில்லை. இருந்தானா, ஓடினானா, அவனும் தண்ணீரோடு வந்து மாட்டிக்கொண்ட அப்பாவியா, எதற்கும் ஆதாரம் இல்லை.

"அவரும் அன்னைக்கே செத்துட்டாரு" என்றாள். "முதல் குண்டுலயே."

மெஷினின் சக்கரத்தில் கை வைத்தபடி தையல்காரம்மா சிறிது நேரம் யோசித்தார். மெல்ல அவர் முகம் தெளிந்தது.

"ஆமாமா. ஸ்டியரிங் மேலயே சாஞ்சு கிடந்தாரு, பாவம். நான்தான் பார்த்தேனே."

தங்கை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை.