கொளஞ்சிநாதன் கைக்கு அளவெடுத்த கதை

முந்திரி வியாபாரி கொளஞ்சிநாதனின் வலது கையைப் பற்றி விருத்தாசலத்தில் சொல்லப்படுவதில் பாதி பொய். மீதிப் பாதியே ஆளை மிரட்டப் போதும். அந்தக் கை ஓங்கி ஒரு சலாம் வைத்தால் ஜங்ஷனில் நிற்கிற ரயில் கொடி காட்டிவிட்டார்கள் என்று கிளம்பிவிடும். நாமெல்லாம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்ப்பதுபோல அவர் பலாப்பழத்தை ஒற்றைக் கையில் தூக்கி முகர்ந்து பார்ப்பார். கல்யாணத்தன்று மாமனார் போட்ட மோதிரம் அந்த விரலில் ஏறியதோடு சரி. அப்புறம் சோப்பு, விளக்கெண்ணெய், பத்தர் கடை அரம் எதற்கும் அது இறங்கி வரவில்லை.

அப்பேர்ப்பட்ட கையிலிருந்துதான் ரிவால்வர் நழுவி விழுந்தது.

முந்திரிக் கொள்முதலுக்குப் பணத்தோடு ஊர் ஊராகப் போகிறவர் என்று அவருக்கு லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். வாங்கிய நாளிலிருந்து அந்த ரிவால்வர் ஒரு காக்கையைக்கூட விரட்டியதில்லை. லைசென்ஸைப் புதுப்பிக்க ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் நீட்டினாரா, வேர்த்த கையில் பிளாஸ்டிக் பிடி வழுக்கி, நேராக இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் மேல் தொப்பென்று விழுந்தது. குண்டு இல்லாததால் எல்லாரும் உயிர் பிழைத்தார்கள். மானம்தான் பிழைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் அந்தக் கதை, மூன்று போலீஸ்காரர்கள் வேப்பமரத்தில் ஏறிக்கொண்டதாக வளர்ந்துவிட்டது.

மறுநாளே அவர் செராமிக் எஸ்டேட்டில் இருந்த நடராசனின் கொட்டகைக்கு வந்தார். நடராசன் அவருடைய மனைவி கண்ணம்மாளின் தம்பி. பீங்கான் சாமான்களுக்கு அச்சு செய்கிறவன்.

"மாப்ள, இதுக்கு மரத்துல ஒரு கைப்பிடி போடு. என் கைக்குன்னே செஞ்சதா இருக்கணும். எமனே வந்து இழுத்தாலும் வழுக்கக் கூடாது."

"நான் பியூஸ் கட்டைக்கு அச்சு போடறவன் மாமா. எனக்குத் துப்பாக்கியப் பத்தி என்னா தெரியும்?"

"பியூஸ் கட்டையத் தப்பாப் புடிச்சா ஷாக்கு அடிக்கும். இது கீழ வுழுந்தா மானம் போவும். அவ்ளோதான் வித்தியாசம்."

கையோடு ஒரு சாக்கில் மரமும் கொண்டு வந்திருந்தார். கட்டில் கால் ஒன்று.

"உங்க அப்பன் சீர் குடுத்த கட்டிலு. கால் ஒடிஞ்சிடுச்சு. தேக்கு தேக்குன்னு ஊரெல்லாம் தமுக்கடிச்சாரு, பேரன் பொறக்கறதுக்குள்ள பல்லக் காட்டிடுச்சு."

"நீங்க படுத்தா யானையக் கட்டற தூணே ஒடியும் மாமா. எங்கப்பன் கட்டில் இவ்ளோ நாளு நின்னதே பெருசு."

கொளஞ்சிநாதன் சிரித்த சிரிப்பில் பலகையில் காய்ந்துகொண்டிருந்த சாஸர்கள் கிணுகிணுத்தன.

நடராசன் பிளாஸ்டிக் பிடியைக் கழற்றிவிட்டு, உள்ளே தெரிந்த இரும்புத் தண்டைச் சுற்றிப் பதமான களிமண்ணை அப்பினான். "புடிங்க. இன்ஸ்பெக்டர் கழுத்துன்னு நெனச்சுக்கங்க" என்றான். மாமா பிடித்த பிடியில் மண் விரலிடுக்கெல்லாம் பிதுங்கி வந்தது. அந்த மண்ணைக் கம்பியால் இரண்டாகப் பிளந்து கழற்றி, திரும்ப ஒட்டி, மேலே பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்துக்கொண்டான். இனி அந்த அச்சுக்குள் பொருந்தும்படி மரத்தைச் செதுக்க வேண்டியதுதான். வேலை முடிந்த மண்ணைப் பலகை ஓரத்தில் வைத்தான்.

சூளைக்குச் சாமான் அடுக்குகிற அம்புஜவல்லி அதை எட்டிப் பார்த்தாள். "இது என்னா சாமான்ணே? இஞ்சிக்குப் பொறந்த மாதிரி இருக்குது?"

"ஏ அம்புஜம், என் கை அது. கும்புட்டுட்டுப் போ" என்றார் கொளஞ்சிநாதன். போகும்போது மைத்துனனிடம் திரும்பினார். "மாப்ள, பழக்கதோஷத்துல சுருக்கம் சேத்துப்புடாத."

பச்சை மண் காய்ந்து சூளையில் வெந்து வரும்போது பத்தில் ஒரு பங்கு சுருங்கிப்போகும். அதனால் செராமிக்காரர்கள் எதைச் செய்தாலும் அந்த ஒரு பங்கைக் கூட்டிவைத்துத்தான் செய்வார்கள். கூட்டிக் கூட்டி அது ரத்தத்தில் ஊறிவிடும். செராமிக்காரர் வீட்டில் தீபாவளிச் சட்டை எடுத்தால் அதில் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து நுழைந்துகொள்ளலாம் என்பது ஊரில் பழைய கேலி.

"மரம் சுருங்காதுன்னு எனக்குத் தெரியாதா? போவீங்களா" என்றான் நடராசன்.

அந்த வாரமே எலெக்ஷனை அறிவித்துவிட்டார்கள். லைசென்ஸ் வைத்திருக்கிற எல்லாரையும்போல மாமாவும் ரிவால்வரை ஸ்டேஷனில் ஒப்படைத்தார். ஓட்டு எண்ணி முடிக்கும்வரை அது அங்கேதான். நடராசன் அவசரமில்லாமல் கட்டில் காலைச் செதுக்கினான். மூன்றாம் முறை எண்ணெய் ஏற்றியபோது தேக்கின் ரேகை தேன் பாகுபோல ஓடியது. அவன் அப்பா பெண்ணுக்குக் கொடுத்த மரம். அக்கா குடித்தனம் பண்ணின மரம். இதைக் கையில் வாங்கியதும் மாமா என்ன கேலி பேசுவார், பதிலுக்குத் தான் என்ன சொல்வது என்பதைக்கூட அவன் தயாராக வைத்திருந்தான்.

எலெக்ஷன் முடிந்து ரிவால்வர் திரும்பி வந்ததும் கொளஞ்சிநாதன் ஆள் அனுப்பினார். இடையில் அவரை நடராசன் பார்க்கவில்லை. வியாபார விஷயமாகப் பாண்டிச்சேரி போவதும் வருவதுமாக இருக்கிறார் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

வாசலிலேயே இரண்டு முந்திரி வியாபாரிகளை உட்காரவைத்துக் கச்சேரி கட்டியிருந்தார் மாமா. முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். நடராசன் மரப்பிடியை இரண்டு பக்கமும் வைத்துத் திருகாணியை முடுக்கினான். இரும்போடு மரம் ஒட்டிக்கொண்ட அழகைப் பார்த்து வியாபாரிகளே வாயைப் பிளந்தார்கள்.

மாமா வாங்கிப் பிடித்தார். பிடி அவர் கைக்குள் ஆடியது.

இன்னும் இறுக்கினார். நடுவில் ஒரு வெண்டைக்காயைச் செருகலாம்போல இடைவெளி இருந்தது.

"சேத்துட்டியாடா!" என்று கூவினார். "சொல்லச் சொல்ல சுருக்கம் சேத்துட்டியாடா! எலே, செராமிக்காரன் கிட்ட பாடை செய்யச் சொன்னாலும் பொணத்துக்குப் பக்கத்துல ரெண்டு பேரு படுக்கற மாதிரி செய்வான்டா!"

வியாபாரிகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். நடராசன் சிரிக்கவில்லை. கிளம்புவதற்கு முன்புகூட மரத்தை அச்சுக்குள் வைத்துப் பார்த்திருந்தான். ஒரு காகிதம் நுழையாது. தப்பு எங்கே என்று மாமாவின் கையைப் பார்த்தான். மோதிரத்தின் அடியில் வெள்ளை நூல் சுற்றியிருந்தது. கழன்று விழாமல் இருக்கச் சுற்றுகிற நூல். அதற்கு மேலே, முழுக்கைச் சட்டையின் பட்டன் போட்ட கைப்பட்டிக்குள், மணிக்கட்டு கிணற்றில் விட்ட கயிறுபோலத் தொங்கியது.

மாமா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம் மாமா" என்றான் நடராசன். "பத்துக்கு ஒண்ணு கூட்டிட்டேன். கை பழக்கம்."

புறக்கடையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அக்கா சொன்னாள். "வயித்துல கட்டிடா. முத்திப்போச்சுன்னுட்டாங்க. அவருக்கு அல்சருன்னு சொல்லி வச்சிருக்கோம். கொளஞ்சியப்பர் கோயில்ல சாமிக்குப் பிராது எழுதிக் கட்டியிருக்கேன். தம்பி, அவருக்குத் தெரியக் கூடாதுடா. அவரு கை காலு பெருமையிலயே வாழ்ந்த மனுசன். தெரிஞ்சா அன்னிக்கே போயிடுவாரு."

அதற்கப்புறம் நடராசனுக்கு இருந்தது ஒரே வேலை. கை இளைக்க இளைக்க மரத்தை இளைக்கவேண்டும். மாமாவுக்குக் கை இளைப்பது தெரியக் கூடாது.

போவான். "இன்னும் கொஞ்சம் பெருசா இருக்குதுல்ல மாமா? குடுங்க" என்று கழற்றி வாங்கி வருவான். உப்புத்தாள் போட்டு இழைப்பான். கொண்டுபோய் மாட்டும் நாளில் சரியாக இருக்கும். அடுத்த முறை போனால் ஆடும். "மரத்துல ஈரம் இருக்குது மாமா." "அரம் தேஞ்சிடுச்சு மாமா." "கண்ணு மங்கிடுச்சு மாமா." மாமா ஒவ்வொன்றுக்கும் ஒரு கேலி வைத்திருந்தார். கேலி பேசுகிற நேரமாவது அவர் ரெண்டு வாய் கஞ்சி கூடக் குடிக்கிறார் என்று அக்கா சொன்னதும், நடராசன் தன் மடத்தனத்தைத் தானே ஊரெல்லாம் பரப்பினான். ஆயுசுக்கும் அச்சு போட்டவனுக்கு ஒரு கைப்பிடி செய்ய வரவில்லையாம் என்று கம்மாபுரம் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். ஸ்ரீமுஷ்ணம் போய்ச் சேர்வதற்குள் அது, நடராசன் செய்த பிடியை ஏற்ற லாரி வந்ததாக மாறியது. அதையும் மாமாவிடம் கொண்டுபோய்ச் சொன்னான். மாமா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து மூச்சு வாங்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது.

கடைசியில் மரத்தில் இழைக்க ஒன்றுமில்லை. தேன் பாகு ரேகையெல்லாம் தூளாகி உதிர்ந்துவிட்டது. திருகாணியின் தலை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. கொட்டகையில் அதை மடியில் வைத்துக்கொண்டு நடராசன் சும்மா உட்கார்ந்திருந்தபோது அம்புஜவல்லி வந்தாள்.

"திட்டாதண்ணே. அன்னிக்கு இது பலகை மேல இருந்திச்சா, வேக வைக்கற சாமானுன்னு நெனச்சு சூளைக்கு ஏத்திட்டேன். பாலீசு வேற குடுத்துட்டேன். கழிச்சுப்போட்ட சாமானோட கெடந்துச்சு, இப்பத்தான் கண்ணுல பட்டுச்சு."

மாமா பிடித்த மண். வெந்து, வெள்ளை வெளேரென்று பளபளத்தது. விரல் பதிந்த பள்ளம் ஒவ்வொன்றும் அப்படியே. அளவு மட்டும் ஒரு சுற்றுச் சிறியது.

அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனான். ஏன் கொண்டுபோனான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. கொண்டுபோக வேறு எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

மாமாவை இப்போது கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். பீங்கானை அவர் கையில் வைத்தான். விரல்கள் தானாக மூடின. பெருவிரல் அதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. மற்ற நாலும் தங்கள் இடம் தேடி உட்கார்ந்தன. ஆடவில்லை. இம்மி இடைவெளி இல்லை.

மாமா இன்னொரு கையால் அதன் பளபளப்பைத் தடவிப் பார்த்தார்.

"இது எப்ப புடிச்சது மாப்ள?"

"அன்னிக்குப் புடிச்சதுதான் மாமா. அம்புஜம் தெரியாம சூளையில போட்டுட்டா."

"அப்ப நீ சுருக்கம் சேக்கல."

நடராசன் கட்டிலின் தளர்ந்த கயிற்றை இழுத்து முடிந்தான்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டா" என்றார். குரல் வெளியே வரச் சிரமப்பட்டது. "மோதிரத்துக்கு நூலு சுத்துனதே நான்தான. நீ பாத்த. பாத்துட்டு, ஆமாம் மாமா கூட்டிட்டேன்ன. சரி, இவன் நமக்காக முட்டாளாவறான், ஆவட்டும்னு வுட்டுட்டேன்."

"மாமா..."

"உங்கக்காகிட்ட சொல்லிடாத. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுதான் அவ அடுப்படியில போயி அழுதுட்டு வந்து என் முன்னால சிரிக்கறா. தெரியும்னு ஆயிட்டா அவளுக்கு எதுக்காவ சிரிக்கறதுன்னு போயிடும்."

அடுக்களையிலிருந்து அக்கா கஞ்சியோடு வந்தாள். மாமா உடனே பீங்கானைத் தூக்கிக் காட்டி, "பாத்தியாடி உன் தம்பி லட்சணத்த! மரத்துல கேட்டா பீங்கான்ல செஞ்சிட்டு வந்திருக்கான்!" என்றார். அக்கா சிரித்தாள். நடராசனும் சிரித்தான். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரித்து முடித்தார்கள்.

அவரை எடுத்துப் போனபோது மோதிரத்தைக் கழற்ற யாரும் சிரமப்படவில்லை. கையில் இருந்த பீங்கானை எடுக்கத்தான் முடியவில்லை. நடராசன் வேண்டாம் என்று தடுத்துவிட்டான். அதோடேயே அவரை மணிமுத்தாற்றங்கரையில் சிதையில் வைத்தார்கள்.

காரியம் முடிந்ததும் ரிவால்வரை ஸ்டேஷனில் ஒப்படைக்க அக்கா அவனைத்தான் அனுப்பினாள். புதிதாக வந்திருந்த ஏட்டு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐஸ் குச்சிபோல மெலிந்திருந்த மரத்தைத் தடவினார்.

"என்னாய்யா இது, இத்துனூண்டு கைப்பிடி? சின்னப் புள்ளைக்குச் செஞ்சதா?"

"இல்லீங்க. எங்க மாமாவுக்குச் செஞ்சது. நான்தான் அளவத் தப்பா எடுத்துட்டேன்" என்றான் நடராசன். "பெரிய கைங்க. நீங்க பாத்ததில்ல. பலாப்பழத்த ஒத்தக் கையில தூக்கி மோந்து பாப்பாரு. அவரு ஒரு சலாம் வச்சார்னா, ஜங்ஷன்ல நிக்கற ரயிலு..."

ஏட்டு நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டார்.